ஏரி வண்டலும் காட்டுத் தழையும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொண்டை மண்டலத்து உழவையும் காட்டையும் எவ்வாறு பிரித்துவைத்தது என்பதே இவ்வாரத்துக்குச் சொல்லப்பட்டிருந்த பொருள். ஆயினும் அச்சட்டம் பறித்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால், அதற்கு முன் இங்கே மண் ஆக்கப்பட்ட விதத்தை முதலில் பார்த்தாக வேண்டும். இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்திருக்கும் நிலம் இயல்பில் செழிப்பானதன்று. அடியில் பழங்காலத் தாவரப் படிமங்களைத் தாங்கிய களிப்பாறையும், மேலே செம்பூரான்கல்லும் மணல் கலந்த செம்மண்ணுமாகக் கிடக்கும் இந்நிலத்தில் நெல் விளைந்ததென்றால், அது பல தலைமுறை மனிதர் உழைத்துச் சேர்த்த வளமாகும்.

மழைக்காலத்தில் மேட்டுக்காட்டின் சருகும் மட்கும் நுண்களியும் ஓடைகளில் அடித்துவரப்பட்டு ஏரியில் படிந்தன. ஏரி வற்றும் சித்திரை, வைகாசியில் உழவர்கள் அந்த வண்டலை வெட்டி, மாட்டுவண்டிகளில் ஏற்றி, ஆயக்கட்டு எனப்படும் பாசனப் பரப்பில் பரப்பினர். இதனால் மணற்பாங்கான வயல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஏரியும் தூர் நீங்கி ஆழம் பெற்றது. அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போடப்பட்டது. கொளுஞ்சி, ஆவாரை, புங்கு ஆகியவற்றின் தழை சேற்றில் மிதிக்கப்பட்டது. பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுவதால், நீரையும் மரத்தையும் ஊரார் சேர்ந்து பேணிய முறை அன்றே நிலைபெற்றிருந்தது தெளிவாகிறது. இவ்வாறு மனிதர் மண்ணை ஆக்கியது இங்கு மட்டுமன்று: அமேசான் காட்டின் தொல்குடிகளும் கரி, சாம்பல், மீன்முள், எலும்பு, உடைந்த பானையோடு ஆகியவற்றைச் சேர்த்து, மழையில் சத்து கரைந்துபோகும் வெளிறிய மண்ணைக் கறுப்பு மண்ணாக்கினர். மனிதர் கால்படாத காடு என்று நெடுங்காலம் நம்பப்பட்ட இடத்தில், அம்மண் சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம் வரை கிடைக்கிறது.

இவ்வட்டாரத்தின் காடு, பாலை, வீரை, காயா போன்ற மரங்கள் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. அதாவது மழை குறைவாயினும் முற்றிலும் இலையுதிர்க்காத காடு. அதை நன்கறிந்தவர்கள் இருளர். தேன், கிழங்கு, மூலிகை, ஈசல் ஆகியவற்றைப் பருவமறிந்து எடுத்த இம்மக்கள், வயல் எலிகளைப் பிடித்து நெல்லையும் காத்தனர். ஆனைமலைக் காடர்கள் கிழங்கை அகழ்ந்தபின் அதன் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்துவிடுவது போன்ற பழக்கங்கள், காட்டு மக்கள் அழிப்பவர்கள் என்ற பழியை அடியோடு பொய்யாக்குகின்றன.

ஏரியையும் காட்டையும் ஊரார் பேணிய இந்த ஏற்பாட்டின் குறுக்கே வந்து நின்றவர் லயனல் பிளேஸ். ஆற்காட்டு நவாப் 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த ஜாகிருக்கு, அதாவது இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரப் பகுதிக்கு, 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த இவர், 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பின் பாழ்பட்டுக் கிடந்த ஏரிகளைப் பிடிவாதத்தோடு செப்பனிட்டார். மதுராந்தகம் ஏரியின் கரை உடையும் என்று அஞ்சப்பட்ட ஒரு மழையிரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்பதை அவர் கண்டார் என்றும், அதனாலேயே அவ்வூர் இராமர் ‘ஏரி காத்த ராமர்’ ஆனார் என்றும் ஊர் வழக்கு கூறுகிறது. கோயிலில் பிளேஸின் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் உள்ளது. காஞ்சி வரதராசருக்கு நகை அளித்தவரும் அவரே. எனினும் வரி விதிப்பில் அவர் காட்டிய கடுமை மன்னிக்கத்தக்கதன்று: கிராம விளைச்சலில் பரம்பரைப் பங்குரிமையாகிய மிராசை அவர் நெருக்கியபோது பூந்தமல்லிப் பகுதியினர் எதிர்த்தெழுந்தனர். அவருக்கு முன்பே, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களில் எடுத்த கணக்கு, களத்து நெல்லிலிருந்து ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் ‘மேரை’ என்ற பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்டதைக் காட்டுகிறது. வருவாயைப் பெருக்க ஏரிக்கரையை உயர்த்திய ஆட்சி, அக்கரையை ஊரார் தாமே காப்பதற்கு வழிசெய்த இப்பங்குகளைத் தேயவிட்டது. ஆதலால் பிளேஸை ஏரிகளின் நண்பர் எனலாமே தவிர, ஏரிகளைப் பேணிய மக்களின் நண்பர் என்று ஏற்பதற்கில்லை. மண்வெட்டியும் கூடையும் ஏந்திக் கரை உயர்த்திய நிலமற்றவர்களே அக்கதையின் உண்மை நாயகர்கள்; அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

2024இல் தமிழக அரசு, ஏரி வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்க வழிவகுத்தது. இம்முடிவு வரவேற்கத்தக்கது, ஆனால் வண்டலைச் சேர்த்துத் தரும் மேட்டுக்காடும் ஓடைகளும் ஆலைகளின் மதில்களுக்குள் மறைந்துபோனால் அள்ளுவதற்கு வண்டல் இராது என்பதால், ஒரகடம் வட்டாரத்தில் எஞ்சியுள்ள வரத்துக்கால்களை அளந்து எல்லைக்கல் நடுவதே உடனடித் தேவை. அனுமதியின்றித் தழை ஒடிப்பதையும் மாடு மேய்ப்பதையும் குற்றமாக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த இதழில் விரிவாக ஆராயப்படும்.