காயல்பட்டினத்தில் வீடு மாறுவது மாப்பிள்ளை

இன்னைக்கு ராஜா, கோட்டை, போர் எதுவும் இல்லை. ஒரு குடும்ப வீடு எப்படி இயங்குதுன்னு பார்க்கப் போறோம்.

கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணு அழுதுகிட்டே கார்ல ஏறுற காட்சி நமக்கெல்லாம் பழக்கம். திருச்செந்தூருக்குப் பக்கத்துல, கடற்கரையில இருக்கிற காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்கள்ல வழக்கம் நேர் எதிர். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பார், இல்லேன்னா வாப்பா தனக்குன்னு கொடுத்த வீட்டில் இருப்பார். கீழக்கரையிலும் இந்த வழக்கம் உண்டு.

இது எங்கிருந்து வந்தது? தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கொற்கைத் துறைமுகம் கடலை விட்டு விலகிப்போக, வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் காயலைப் பற்றி எழுதியிருக்கார். ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து குதிரைகளோடு கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். அவர் சொன்னது இன்றைய காயல்பட்டினமா, பக்கத்துல இருக்கிற பழையகாயலா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ரெண்டும் ஒரே கரைதான்.

கடல் வணிகம்னா, ஆண்கள் மாசக்கணக்குல ஊர்ல இருக்க மாட்டாங்க. புருஷன் இல்லாத நாட்களில் ஒரு பெண் மாமியார் வீட்டை விடத் தன் உம்மாவோடும் சகோதரிகளோடும் இருப்பது பாதுகாப்பு. இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று இது. கண்ணூர், தலச்சேரி மாப்பிளா குடும்பங்கள், இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்கள் என்று கடற்கரையோர மற்ற ஊர்களிலும் வீடு பெண்ணைச் சுற்றியே இருப்பதைப் பார்க்கும்போது, இது தற்செயல்னு எனக்குத் தோணலை.

இங்கே ஒரு சட்டக் கேள்வி வரும். இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதிதானே? ஆமா. ஆனா அந்தக் கணக்கு ஒருவர் இறந்த பிறகுதான். உயிரோடு இருக்கும்போதே சொத்தை அன்பளிப்பா கொடுக்கலாம். இதற்கு ஹிபா என்று பெயர். கொடுப்பதாகச் சொல்லணும், வாங்குபவர் ஏற்கணும், சொத்து கைமாறணும். மகளுக்கு இப்படிக் கொடுத்த வீடு பிறகு பங்கு பிரிக்கும் கணக்கில் வராது. மார்க்கத்தை மீறாமலே ஊர் வழக்கம் நிற்கிறது. கோடு எழுதுறவனா சொல்றேன், ரூலை உடைக்காம வழி கண்டுபிடிச்ச டிசைன் இது.

கட்டடத்திலும் இது தெரியும். வீடுகளுக்கு இடையில் குறுகலான சந்துகள் ஓடும். ஊர்ல அதுக்குப் பேர் முடுக்கு. பெண்கள் பெரிய தெருவுக்கு வராமலே தங்கச்சி வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் போய் வர்ற பாதை. இதைக் கட்டுப்பாடுன்னு சொல்லலாம். சொந்தபந்தம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது பலமும்தான். ரெண்டும் உண்மை.

சரி, என்ன லாபம்? கல்யாணம் முறிந்தால் யார் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே போறது என்ற கேள்விக்கு, நம்ம பெரும்பாலான ஊர்கள்ல பதில் பெண். இங்கே பதில் ஆண். சட்டத்தில் உரிமை இருப்பது வேற, ராத்திரி தூங்க ஒரு கதவு இருப்பது வேற.

ஆனா இதை சொர்க்கம்னு சொல்லிட்டுப் போக முடியாது. நாலு மகள்னா நாலு பேருக்கும் இடம் வேணும். அந்தப் பாரம் வாப்பா மேலயும் அண்ணன் தம்பிகள் மேலயும் விழும். சம்பாதிக்க வெளிநாடு போற ஆண், தன் பணத்தில் எழுந்த வீட்டைச் சகோதரிக்குக் கொடுத்துட்டு, மனைவி வீட்டில் வந்து வாழ்வார். வீடு இல்லாத அப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதும் கஷ்டமாகிறது. பெண்ணைக் காத்த அதே வீடு, இன்னொரு பெண்ணுக்கு வரதட்சணைச் சுமையா மாறிடுது.

அடுத்த முறை யாராவது பூர்வீக வீடுன்னு பெருமையா சொன்னா, அது எவ்வளவு பழசுன்னு கேட்கறதோட நிறுத்தாதீங்க. யார் பேர்ல இருக்குன்னும் கேளுங்க. உங்க வீட்டுப் பத்திரத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.