ஆறு முட்டையும் ஆறு லட்சம் டாலரும்: டஸ்கீகி பள்ளி எழுந்த கதை

நன்கொடையாளர் பட்டியல் இல்லாமல் விழா மலர் ஏது? பெரிய தொகை தந்தவர்கள் முன்பக்கத்தில் படத்தோடு இருப்பார்கள். ஐந்தும் பத்தும் தந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சிற்றூர். அங்கே, அடிமைத்தளை அறுந்து பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்த மக்களுக்காக ஒரு பள்ளி எழுந்தது. அதற்கு அப்படியொரு பட்டியல் போடுவதானால் இரண்டு பேரை நான் ஒரே பக்கத்தில் வைப்பேன். ஒருவர் 1903இல் ஆறு லட்சம் டாலர் தந்த உருக்கு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி. மற்றவர் பள்ளியின் தொடக்க நாட்களில் கோலூன்றி வந்த எழுபது வயதுக் கிழவி. கந்தல்தான், ஆனால் கசக்கிக் கட்டியிருந்தாள். சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டுப் போனாள். நிறுவனர் புக்கர் டி. வாஷிங்டன் எத்தனையோ கோடீஸ்வரர்களிடம் கொடை வாங்கியவர். இருந்தும் இந்த முட்டைகளைப் போல வேறெதுவும் தன் மனத்தைத் தொட்டதில்லை என்று 1901இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கிழவியின் பெயரை மட்டும் அவர் குறிப்பிடவில்லை.

பள்ளி பிறந்தது ஒரு தேர்தல் பேரத்தில். 1880இல் மாநில மேலவைக்கு நின்ற டபிள்யூ. எஃப். ஃபாஸ்டர் என்ற வெள்ளையருக்குக் கறுப்பர்களின் வாக்கு தேவைப்பட்டது. அவர் தேடிப் போனது லூயிஸ் ஆடம்ஸை. ஆடம்ஸ் முன்னாள் அடிமை, கைதேர்ந்த தகரக் கொல்லர், தன் மக்களிடம் சொல்வாக்குள்ளவர். வாக்குக்கு விலையாக அவர் கேட்டது ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி. ஃபாஸ்டர் வென்றார், கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். (அரசியலில் இது நடக்காத காரியம் அல்ல என்பதற்காகவாவது இதைப் பதிவு செய்ய வேண்டும்.) 1881 பிப்ரவரியில் சட்டமன்றம் ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது, அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கும் கூரைக்கும் ஒரு காசும் கிடையாது.

தலைமையாசிரியராக ஒரு வெள்ளையரை அனுப்பச் சொல்லி வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்துக்குக் கடிதம் போனது. அதன் தலைவர் சாமுவேல் ஆம்ஸ்ட்ராங் தன் மாணவரான 25 வயது வாஷிங்டனை அனுப்பினார். அடிமையாகப் பிறந்து, உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்த பிள்ளை அவர். 1872இல் ஹாம்ப்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு ஒரு வகுப்பறையைப் பெருக்குவது. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். இடம் கிடைத்தது. பிற்காலத்தில் டஸ்கீகியில் அவர் காட்டிய பிடிவாதங்களுக்கெல்லாம் வேர் அந்த அறையில் இருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷ் இல்லாத மாணவன் அங்கே தங்க முடியாது என்பதும் அவற்றில் ஒன்று.

1881 ஜூலை 4 அன்று, ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஓட்டைக் குடிசையில் 30 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. மழை வந்தால் பெரிய மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியர் தலைக்குக் குடை பிடிப்பார். மற்றவர்கள் பாடம் ஒப்பிப்பார்கள்.

சில மாதங்களில் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட தோட்டம் ஒன்று விலைக்கு வந்தது. 100 ஏக்கர், 500 டாலர். பாதிப் பணத்தை ஹாம்ப்டனின் பொருளாளர் தன் சொந்தப் பணத்திலிருந்து கடனாகக் கொடுத்தார். மீதிக்கு ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை வீடு வீடாகப் போய் விருந்துச் சாப்பாடு விற்பனைக்குப் பண்டம் கேட்டார். வாஷிங்டனின் பெயர் ஓங்கி ஒலிக்கும் இடங்களில் இவர் பெயர் அமுங்கிப் போகிறது. பள்ளி முதல் சில ஆண்டுகளைத் தாண்டியதில் இவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 1889இல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

காடு வெட்ட மாணவர்கள் மறுத்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே கிராமங்களில் வாத்தியாராக இருந்தவர்கள். அப்பனும் பாட்டனும் பிறர் நிலத்தில் வெட்டியது போதாதா, நாங்களும் வெட்டவா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். வாஷிங்டன் வாதாடவில்லை, கோடரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதன் பிறகுதான் அவர்கள் பின்னால் வந்தார்கள்.

அடுத்தது செங்கல். ஊரில் சூளை கிடையாது. கட்டடம் வேண்டுமானால் கல்லை நாமே அறுக்க வேண்டும். மண் குழியில் முழங்கால் மட்டும் சேற்றில் மணிக்கணக்காக நிற்பது யாருக்கும் பிடிக்கவில்லை, சிலர் பள்ளியை விட்டே போனார்கள். ஒரு சூளை வேக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 25,000 கல் அடுக்கிய முதல் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது; முடியும் தறுவாயில் ஒரு நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் தன் கடியாரத்தை மான்ட்கோமரி நகரத்து அடகுக் கடையில் 15 டாலருக்கு வைத்தார். நான்காவது சூளை வெந்தது. கடியாரத்தை மீட்கப் பணம் சேர்வதற்குள் தவணை கடந்துவிட்டது. 1900 வாக்கில் மாணவர்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் கல் அறுத்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டு வளாகத்தை வரைந்து எழுப்பியவர் ராபர்ட் டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

செங்கலால் இன்னொன்றும் நடந்தது. பள்ளியை ஏளனம் செய்த வெள்ளையர்கள் கல் வாங்க வந்தார்கள். தேவைப்படும் பொருளைச் செய்பவனை யாரும் ஒதுக்க முடியாது என்ற முடிவுக்கு வாஷிங்டன் வந்தது இதிலிருந்துதான். 1895இல் அட்லாண்டா கண்காட்சியில் அதையே மேடையில் சொன்னார்: உழைப்பு, சேமிப்பு, தொழில் முதலில், அரசியல் உரிமைக்கான கிளர்ச்சி பிறகு. வெள்ளைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. 1903இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அதைக் கிழித்தெடுத்தார். வாக்கும் உயர்கல்வியும் இல்லாதவன் சேர்த்த சொத்தை எதைக் கொண்டு காப்பான் என்று கேட்டார். வாஷிங்டனின் கணக்கு பொய்த்துக்கொண்டிருந்ததற்குச் சான்று அவர் வாசலிலேயே இருந்தது. பள்ளி தொடங்கி இருபதே ஆண்டுகளில், 1901இல், அலபாமா புதிய அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பர்களின் வாக்கைப் பறித்தது. ஆடம்ஸ் பேரம் பேசிய அந்த வாக்குதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேடையில் பொறுமை பேசிய வாஷிங்டன், அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தார். அவர் கடிதங்கள் ஆராயப்பட்ட பிறகே இது பரவலாகத் தெரிந்தது. இதனால் அவர் பேச்சு சரியாகிவிடாது. ஆனால் தன் பேச்சு மட்டும் போதாது என்று அவரே அறிந்திருந்தார்.

தன் காலில் நில் என்ற உபதேசத்தைக் கறுப்பின மக்களுக்கு அன்றும் இன்றும் பலர் செய்கிறார்கள். டஸ்கீகி தொடங்கிவைத்த கிராமப் பள்ளித் திட்டத்தின் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசச் சற்றுத் தயங்குவார்கள். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912இல் டஸ்கீகிக்கு 25,000 டாலர் தந்தார். அதில் ஒரு பகுதியில் ஆறு சிறு பள்ளிகளைக் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். நிபந்தனை இது: அந்தந்த ஊர்க் கறுப்பின மக்கள் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும், கல்வித் துறை பள்ளியை ஏற்று நடத்த வேண்டும். அந்த ஆறு, 1932க்குள் 15 தென் மாநிலங்களில் 4,977 பள்ளிகளாகப் பெருகியது. ரோசன்வால்ட் தரப்பு தந்தது சுமார் 43 லட்சம் டாலர். வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கியிருந்த மக்கள் தந்தது சுமார் 47 லட்சம்! பணமில்லாதவர்கள் மரம் கொடுத்தார்கள், ஆள் வேலை செய்தார்கள். ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டு அதன் விளைச்சலைப் பள்ளிக்கென்று ஒதுக்கினார்கள். இவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரி பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போயிற்று. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை இரட்டை வரி என்கிறார். பொறுப்பில்லாமல் நடந்தது யார் என்று கேட்டால், விரல் மாநிலத் தலைநகரங்களை நோக்கித்தான் நீளும். குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸ், எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ இருவரும் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்.

பள்ளியின் இன்னொரு முகம் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். 1896இல் வந்து, 1943இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆய்வுக்கூடம் இல்லாததால் மாணவர்களோடு குப்பைமேட்டில் புட்டிகளைப் பொறுக்கி ஒன்றை உருவாக்கினார். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று பாடநூல்கள் சொல்வது தவறு. பருத்தி உறிஞ்சிய மண்ணில் கடலையும் தட்டைப்பயறும் மாற்றிப் போட்டால் நிலம் தேறும் என்பதை எழுத்தறியாத உழவனுக்கும் புரியவைத்ததே அவர் சாதனை. உழவர் பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளி உழவரிடம் போகட்டும் என்று, 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று கோவேறு கழுதை பூட்டிக் கிராமங்களுக்குப் புறப்பட்டது.

டஸ்கீகியின் புகழ் கடல் கடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜான் டூபே அதைப் பார்த்து, டர்பனுக்கு அருகே இனாண்டாவில் ஒலாங்கே பள்ளியைத் தொடங்கினார். 1904இல் காந்தி ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்தது அதன் அக்கம்பக்கத்தில்தான். அதற்கு முந்தைய ஆண்டே, தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த தன் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வாஷிங்டனின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

வாஷிங்டன் 1915 நவம்பர் 14 அன்று காலமானபோது பள்ளியில் சுமார் 1,500 மாணவர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1922இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்: மண்டியிட்ட ஓர் அடிமையின் முகத்திலிருந்து அவர் திரையை விலக்குகிறார். 1930களில் அங்கே இசை படிக்க வந்த ரால்ஃப் எலிசன், பிறகு தன் நாவலில் அப்படியொரு சிலையைக் காட்டி, திரை விலகுகிறதா மூடுகிறதா என்ற ஐயத்தை எழுப்பினார். பள்ளியைப் பற்றிய மிகக் கூர்மையான விமர்சனம் அதன் மாணவரிடமிருந்தே வந்தது பள்ளிக்குப் பெருமைதான்.

விழா மலர்கள் வழக்கமாக விட்டுவிடும் பக்கம் ஒன்று டஸ்கீகிக்கும் உண்டு. 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அந்த வட்டாரத்துக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை ஓர் ஆய்வில் சேர்த்தது. 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய். மருத்துவம் பார்ப்பதாகச் சொல்லி, பார்க்காமலே நோய் முற்றுவதைக் கவனித்தார்கள். பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் செய்தி வெளியாகும்வரை நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. திட்டம் அரசினுடையது, ஆனால் கல்வி நிலையம் தன் மருத்துவமனையையும் பெயரையும் தந்தது. அங்கேயே பயிற்சி பெற்ற செவிலியர் யூனிஸ் ரிவர்ஸ் அந்த மனிதர்களைக் காரில் அழைத்துப் போய் வந்தார். வெள்ளை மருத்துவரை நம்பாதவர்கள் அவரை நம்பினார்கள், டஸ்கீகி என்ற பெயரை நம்பினார்கள். படித்தவர்களை முன்மாதிரியாகப் பாருங்கள் என்று ஒரு பள்ளி அரை நூற்றாண்டு கற்றுக்கொடுத்த மரியாதை அங்கே தூண்டிலில் கோத்த புழுவாயிற்று. அதிபர் கிளின்டன் 1997இல் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த டஸ்கீகி விமானிகளைப் பற்றிப் படங்களே வந்துவிட்டன. அவர்களை இங்கே விவரிக்கவில்லை. நான் அதிகம் மதிப்பது சார்ல்ஸ் கோமிலியன் என்ற சமூகவியல் பேராசிரியரை. 1928இல் வேலைக்கு வந்தவர். தானே வாக்காளராகப் பதியப் பல ஆண்டுகள் அலைந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர்களையும் பதிவு அலுவலர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இத்தனையையும் மீறிக் கறுப்பின வாக்காளர் தொகை மெல்ல ஏறி 400ஐத் தொட்டது. உடனே 1957இல் அலபாமா சட்டமன்றம் சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கக் கோணல் வடிவமாக வெட்டியது. கல்வி நிலையம் முழுதும் நகருக்கு வெளியே போயிற்று. கறுப்பின வாக்காளர் நாலைந்து பேர் தவிர எல்லோரும் வெளியே. வெள்ளையர் ஒருவர் கூட வெளியே போகவில்லை.

கோமிலியனும் தோழர்களும் இரண்டு வேலை செய்தார்கள். வெள்ளையர் கடைகளில் வாங்குவதை ஊரே நிறுத்தியது. பல கடைகள் மூடப்பட்டன. கூடவே நீதிமன்றம் போனார்கள். வாஷிங்டன் கற்றுத் தந்த சிக்கனமும் டுபாய்ஸ் கேட்ட உரிமையும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தன. வாரச் சம்பளத்தைத் தன் கையில் வைத்திருப்பவனால்தான் கடைக்காரனை வேண்டாம் என்று சொல்ல முடியும். உச்ச நீதிமன்றம் அந்த எல்லைக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 1960 நவம்பர் 14 அன்று. வாஷிங்டன் இறந்து அன்றோடு 45 ஆண்டுகள், தற்செயல்தான்.

எல்லை பழையபடி ஆயிற்று. ஆனாலும் ஊர் அடங்கிவிடவில்லை. 1966 ஜனவரியில், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைக் கேட்டதற்காக சாமி யங் என்ற டஸ்கீகி மாணவர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுவித்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில், டஸ்கீகி அடங்கிய மேக்கன் வட்டாரத்தின் ஷெரீஃபாக, கொரியப் போரில் பணிபுரிந்த லூசியஸ் ஆமர்சன் வென்றார். அடிமை முறை ஒழிந்த பின் வந்த சீரமைப்புக் காலத்துக்குப் பிறகு தென் மாநிலங்களில் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். 1967 ஜனவரியில் பொறுப்பேற்று, அடுத்த இருபது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.