இரு கரைகளும் ஓர் ஓய்வுநாளும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச உலாக்கள் பற்றிய ஒரு சமூகவரலாற்றுக் குறிப்பு

ஓய்வுக்கும் வரலாறு உண்டு என்பதை நமது வரலாற்றெழுத்து போதியளவு கவனித்ததில்லை. ஆட்சியாளர், போர், கோயில் திருப்பணி ஆகியவை பற்றி நிறைய எழுதிய நாம், உழைக்கும் குடும்பமொன்று வேலையை நிறுத்திவிட்டு ஒரு நாள் எங்கே சென்றது, எதைக் கண்டு மகிழ்ந்தது என்று கேட்டது அரிது. ஓய்வு உழைப்பின் மறுபக்கமாகும். ஆதலின் உழைப்பின் அமைப்பு மாறும்போது ஓய்வின் வடிவமும் மாறும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி இப்பிரதேசத்தை இரண்டாகப் பகுக்கின்றது. கடலை அடுத்தது எழுவான்கரை. மேற்கே வயல் சூழ்ந்தது படுவான்கரை. கோட்டை, கச்சேரி, கல்லூரிகள், சந்தை என்பன புளியந்தீவையும் எழுவான்கரையையும் சார்ந்து வளர்ந்தன. வெல்லாவெளியோ படுவான்கரையில், போரதீவுப்பற்றின் நெல்வயல்களிடையே அமைந்த ஊர். போடிமாரின் வயல்களில் முல்லைக்காரனும் கூலியாளரும் உழைத்த நிலவுடைமை உறவே இவ்விரு கரைகளையும் நெடுங்காலம் பிணைத்து நின்றது.

இச்சமூகத்தின் பழைய குடும்ப உலா கோயில் திருவிழாவேயாகும். ஆவணியில் மண்டூர் முருகன் கோயிலுக்கு எழுவான்கரை மக்கள் குருமண்வெளித் துறையில் வாவியைக் கடந்து வந்தனர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலும் மேற்குக் கரையிலேயே உள்ளது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மக்கள் எதிர்த்திசையிற் சென்றனர். இவ்விழாக்கள், பெரும்போக வயல்கள் ஓய்ந்திருக்கும் வரண்ட மாதங்களில் அமைவது தற்செயலன்று. உழவின் நாட்காட்டியே வழிபாட்டின் நாட்காட்டியாகவும் ஓய்வின் நாட்காட்டியாகவும் இருந்தது. ஆயினும் இதனைப் பொற்காலமாக்குதல் தவறு. கோயிலுரிமைகள் குடி, சாதி வரிசைப்படியே பகிரப்பட்டன. ஆடவர் ஓய்ந்திருக்க, பானை சட்டியோடு வந்த பெண்கள் அங்கும் உலை வைத்தனர். அவர்களுக்கு உலா என்பது அடுப்பு இடம்மாறியதே எனலாம்.

குடியேற்ற ஆட்சி இவ்வுலகில் புதியதொரு பார்வையைப் புகுத்தியது. உழைப்புக்கும் போக்குவரத்துக்கும் உரிய நீர், பார்த்து மகிழும் காட்சியாயிற்று. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை பிற்காலத்தில் பார்வையிடமாயிற்று. ஆளுநர் வில்லியம் மனிங்கின் (1918–1925) மனைவியின் பெயரைத் தாங்கிய கல்லடிப் பாலம் நகர மக்களின் மாலைநேர உலாவிடமாயிற்று.

வாவியின் புகழ்பெற்ற 'பாடும் மீன்' பற்றிய செய்தி இங்கு தனிக் கவனத்துக்குரியது. குடியேற்றச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலவொளியிற் படகேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டார். அவர் விசாரித்த மீனவர், அது மீனினது ஒலியன்று, ஊரியினது ஒலி என்றனர். வரண்ட காலத்தில் மட்டுமே கேட்கும் என்றும் மழைவெள்ளம் பெருகியதும் நின்றுவிடும் என்றும் கூறினர். அவர்கள் கூற்று விஞ்ஞான முடிபா என்பது வேறு வினா. வாவியில் இரவு பகலாகத் தொழில் செய்தோர் இடமும் பருவமும் கணித்து ஒரு விளக்கம் வைத்திருந்தனர் என்பதே நமக்கு முக்கியம். சுவாமி விபுலாநந்தர் அவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கவிதையில் உயர்த்தினார். மீனே நகரின் சின்னமாயிற்று; மீனவரின் ஊரியோ மறக்கப்பட்டது. காட்சி நிலைபெறுமிடத்து, உழைப்பின் அறிவு பின்தள்ளப்படுகின்றது.

1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டபின், ஓய்வு ஒரு பண்டமாக மாறும் போக்கு வலுப்பெற்றது. பாசிக்குடாக் கடற்கரை அதன் கிழக்கிலங்கை மையங்களுள் ஒன்றாயிற்று. உள்நாட்டுப் போர் அதனை முடக்கியது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தமையால், வாவியைக் கடக்கும் வழிகள் சோதனைச் சாவடிகளாயின. ஒரே வாவியின் மறுகரைக்குச் செல்லவும் அடையாள அட்டை வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. மீனவர் தோணியைக் கரையேற்றும் இடம் சுருங்கிற்று.

கல்லடியில் 2013இலும் மண்முனையில் 2014இலும் புதிய பாலங்கள் திறக்கப்பட்டன. வெல்லாவெளிக் குடும்பம் பட்டிருப்புப் பாலத்தால் எழுவான்கரையை அடைந்து, கல்லடிக் கடற்கரையையும் காந்திப் பூங்காவையும் கண்டு ஒரே நாளில் வீடு திரும்பலாம். இது பெறுமதியான முன்னேற்றமே. ஆயின் முன்னர் திருவிழாவுக்காக மேற்கு நோக்கியும் பாய்ந்த மக்கள் ஓட்டத்தை, சுற்றுலா பெரிதும் கிழக்கு நோக்கித் திருப்பிவிட்டது. படுவான்கரை நெல்லை அனுப்புகின்றது; காட்சியை எழுவான்கரையிற் சென்று காண்கின்றது.

எனவே, பார்க்கத்தக்க இடங்களின் பட்டியல் ஒன்றும் நடுநிலையானதன்று. எக்கரையிலிருந்து, யாருடைய கண்ணால் அது தொகுக்கப்பட்டது என்பதே முதல் வினா. தோணி செலுத்தியோர், திருவிழாக் கடை வைத்தோர், மடத்தில் சமைத்த பெண்கள் ஆகியோரின் நினைவுகளை வாய்மொழியாகத் திரட்டும் பணி உடனடியாகத் தொடங்கப்படல் வேண்டும். அவையின்றி வாவியின் வரலாறு கரையில் நின்று பார்த்தவரின் வரலாறாகவே எஞ்சும்.