தாய்மார் ஒன்றுபட்டால்: நெல்லூர் தந்த பாடம்

விழா மலர்களில் வரலாறு எழுதப் புகும்போது, கட்டடங்களையும் அவற்றை எழுப்பிய பெரியோரையும் பற்றியே நாம் பெரும்பாலும் எழுதுகிறோம். குடும்பங்களைக் கட்டிக் காத்த தாய்மாரின் வரலாறு ஏட்டில் ஏறுவது அரிது. ஆதலால், நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில், நெல்லூர் மாவட்டத்து ஏழைப் பெண்கள் நடத்திய ஓர் அறப்போரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

1980-களில் ஆந்திர அரசு சாராயத்தைச் சிறு நெகிழிப் பைகளில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தது. பானையிலும் புட்டியிலும் இருந்த சரக்கு பையில் வந்ததும், நல்ல குடிநீர் எட்டாத சிற்றூர்களுக்கும் அது எளிதில் எட்டிற்று. கடைகளை ஏலம் விட்டதால் கருவூலம் நிறைந்தது. கூலிக்காரனின் வீடோ வெறுமையாயிற்று. ஆடவரின் கூலி கடைக்குப் போக, பெண்ணின் கூலியிலேயே அடுப்பு எரிய வேண்டியிருந்தது. அதையும் பிடுங்கிச் சென்றவர் உண்டு. அடி உதைகளைத் தம் தலைவிதி என்று எண்ணித் தாய்மார் தனித்தனியே அழுதனர். அவர்களை அழுத்திய சுமைகளுள் அந்தத் தனிமையே பெரிது எனலாம்.

1991-ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கிற்று. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள், இரவில் விளக்கொளியில் கூடி எழுத்துக் கூட்டிப் படித்தனர். அவர்களது பாடநூலில் குடிகாரக் கணவனால் வாழ்விழந்த சீதம்மா என்னும் பெண்ணின் கதை இருந்தது. அதைப் படித்தவர்கள், "இது நம் வீட்டுக் கதை அல்லவா?" என்று ஒருவரை ஒருவர் நோக்கினர். ஒருத்தியின் துயரம் ஊரின் துயரம் என்று தெளிவாகியது. தூபகுண்ட என்ற சிற்றூரில் 1991-92-இல் ரோசம்மா முதலிய பெண்கள் திரண்டு சென்று ஊர்ச் சாராயக் கடையை மூடச் செய்தனர். அந்நிகழ்ச்சியே பின்னர் மற்றொரு நூலில் பாடமாக அச்சாகி ஊர் ஊராகப் பரவியது.

அதன்பின் எங்கும் ஒரே எழுச்சி. துடைப்பமும் மிளகாய்ப் பொடியும் ஏந்திய பெண்கள் சரக்கு வண்டிகளை ஊர் எல்லையில் மறித்தனர். பைகளைக் கொட்டிக் கொளுத்தினர். தனியே ஒருத்தி எதிர்த்திருந்தால் வீட்டில் அடியும் வெளியில் மிரட்டலுமே மிஞ்சியிருக்கும். தெருப் பெண்கள் அனைவரும் உடன் நின்றதால் எவரும் கை ஓங்கத் தயங்கினர். 1992-இல் சாராய ஏலத்தை நடத்த முயன்றபோதெல்லாம் பெண்கள் பெருந்திரளாகக் கூடித் தடுத்தமையால், அது பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. ஈற்றில் 1993-இல் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கும் வந்தது.

ஆயினும், வரலாற்றை முழுமையாகச் சொல்லுதலே முறை. வருவாய் இழப்பையும் கள்ளக் கடத்தலையும் காரணம் காட்டி, 1997-இல் முழு மதுவிலக்கை அரசு தளர்த்தியது. அப்படியானால் தாய்மாரின் உழைப்பு வீணா? இல்லை என்பதே நமது துணிபு. சாராயத்துக்குப் போகாது மிஞ்சிய காசை அவர்கள் சேமிக்கத் தொடங்கினர். 'பொதுபு லட்சுமி' என்று அதற்குப் பெயர். பொதுபு என்றால் தெலுங்கில் சேமிப்பு. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் இருபது பேர் சேமித்தால் ஆண்டில் 7,300 ரூபாய். விதைக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டிய நிலை குறைந்தது. சட்டத்தைத் தளர்த்தலாம், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கப் பழகிய பெண்களை மீண்டும் தனித்தனியே பிரித்து அழ வைப்பது எளிதன்று.

நம் தமிழகத்திலும் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதே வழியில் வளர்ந்தவை. மாதம் தவறாத கூட்டம், எல்லாரும் அறியத் திறந்து வைத்த கணக்கு, ஒருத்தியின் கடனுக்கு மற்றவர் பொறுப்பு ஆகிய மூன்றுமே அவற்றின் அடித்தளம்.

யூபிலி கொண்டாடும் நம் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாப் பந்தல் சில நாளில் பிரிக்கப்படும். ஆனால் அடுத்த வீட்டில் அடிபட்டு அழும் சகோதரியின் கதவைத் தட்ட இரண்டு தாய்மார் துணிந்து எழுந்தால், அந்தத் துணிவு இவ்வூரில் நிலைக்கும். நெல்லூர்ப் பெண்கள் தொடங்கியதும் அப்படித்தான்.