பட்டிக்காரரும் இறைச்சிக்கடைக்காரரும்

மாடறுப்பைப் பற்றிய சர்ச்சை இலங்கையில் எழும்போதெல்லாம் இந்துக்களும் பௌத்தர்களும் ஒரு பக்கம், முஸ்லிம்கள் மறுபக்கம் என்று எழுதிவிடுவது பத்திரிகையாளருக்கு எளிது. நானும் அவ்வாறு எழுதியவன்தான். அம்பாறைக் கரையோரத்தில் மாடு கைமாறிய வரலாற்றை எண்ணிப் பார்த்தால், அந்தப் பிரிவினை நிலைக்காது.

வீரமுனை, சம்மாந்துறையை அடுத்த தமிழ்க் கிராமம். பெரும்போக விதைப்புக்கு முன்னர் மாடுகளைக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்வதும், அறுவடைக்குப் பின்னர் மீட்டு வருவதும் இப்பகுதியின் பழைய வழக்கம். பசு பாலுக்கு, எருது உழவுக்கும் சூடு மிதிப்புக்கும். உழைத்து ஓய்ந்த எருதையும், மிகுதியான நாம்பனையும் முஸ்லிம் வியாபாரி வாங்கினார். மாட்டிறைச்சியைத் தொடாத பட்டிக்காரருக்கும் அந்தப் பணம்தான் அடுத்த போகத்து விதைநெல்.

இந்த உறவு மூன்று முறை அடி வாங்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் காடுகள் வயல்களாயின. பின்னர் உழவு இயந்திரம் எருதின் வேலையைப் பறித்தது; ஆண் கன்றுக்கு இறைச்சிக்கடை தவிர வேறு விலை இல்லாமற் போயிற்று. மூன்றாவது அடி, போர். 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கென வந்த ஆடுகளோடு ரிண்டர்பெஸ்ட் என்னும் வெக்கை நோயும் வந்து, வடக்கு கிழக்குப் பட்டிகளை அழித்தது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 12இல் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் ஒருவர் பட்டிக்கு மற்றவர் எந்தத் துணிவில் போவார்?

சட்டம் புதிதன்று. 1893ஆம் ஆண்டின் இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் அறுப்பைக் கட்டுப்படுத்தியே வந்தன. 2020 செப்டம்பரில் அமைச்சரவை அதற்கும் மேலே சென்று, மாடறுப்பைத் தடை செய்யவும், உண்பவர்களுக்கு இறைச்சியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் இணங்கியது. இங்கே அறுத்தால் பாவம், அங்கே அறுத்தால் வணிகமா?

உயிருள்ள மாடு கடல் கடந்து வந்த கதையும் உண்டு. பாலில் தன்னிறைவு காண்பதற்கென 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கறவைப் பசுக்கள் கப்பலேறி வந்தன. நோயாலும், எதிர்பார்த்த பால் கிடைக்காததாலும் வாங்கிய பண்ணையாளர் பலர் கடனாளியாயினர். அதே காலத்தில் கிழக்கின் பட்டிக்காரர்கள் மேய்ச்சல் தரைக்காக மன்றாடிக்கொண்டிருந்தனர். மட்டக்களப்பின் மயிலத்தமடுவுக்காக 2023இல் அவர்கள் தெருவில் அமர்ந்தே போராட வேண்டியிருந்தது.

கிழட்டு மாட்டை விற்க முடியாத ஏழை அதற்குத் தீனி போடவும் முடியாமல், காலப்போக்கில் பசு வளர்ப்பதையே கைவிடுவார். அப்போது இறைச்சிக்கடை மட்டும் மூடப்படாது, பட்டியும் மூடப்படும். மாட்டின் மீது உண்மையாகவே இரக்கமுள்ளவர்கள் முதலில் அதற்குப் புல் முளைக்கும் நிலத்தைக் கேட்கட்டும். அந்தக் கோரிக்கையில் வீரமுனையும் சம்மாந்துறையும் ஒரே பக்கம் நிற்கலாம்.