சிவகாசி வட்டாரத்தில் பிஞ்சுப் பருவப் பராமரிப்பு: தீப்பெட்டி ஆபீஸ் முதல் அங்கன்வாடி வரை

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சி, அதன் அழுகைக்கும் மழலைக்கும் நாள்தோறும் பதில் கொடுக்கும் ஆளைச் சார்ந்தது. சிவகாசி வட்டாரத்தில் அந்த ஆள் யார் என்பதைப் பெரும்பாலும் தொழிலே தீர்மானித்து வந்திருக்கிறது. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் கூலி தந்தது. பட்டாசும் அச்சும் பின்னர் சேர்ந்துகொண்டன. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வேகமான விரல்கள் போதும், கூலியோ எண்ணிக்கைக்கு. ஆகவே தாயும் வளர்ந்த மகளும் விடியுமுன் வண்டி ஏற, கைக்குழந்தை பாட்டியிடமோ ஏழெட்டு வயது அக்காளிடமோ தங்கியது.

இதில் பாட்டி வளர்ப்பைக் குறையாகக் கொள்ள இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி 1951இல் எழுதிய அறிக்கை வலியுறுத்தியது, தாயோடோ தாயின் இடத்தில் நிலையாக இருப்பவரோடோ அமையும் நெருக்கத்தைத்தான். ஆனால் அக்காள் அடுத்த ஆண்டே கட்டை அடுக்கப் போய்விடுவாள். அந்த நெருக்கம் அறுந்துபோகும். அவளுடைய விளையாட்டுப் பருவமும் அத்தோடு முடிந்துவிடும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் கேட்டது. 1976இல் அந்த வரம்பு 30 ஆனது. சிறு சிறு பட்டறைகளும் வீட்டிலிருந்தே செய்யும் வேலையும் மலிந்த தொழிலில் பல தாய்மார்கள் அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் விரிவாக்கிய மதிய உணவும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு முந்திய வயதுக்கென மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972இல் அறிக்கை அளித்தது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையையும் பால்வாடிக்கு அழைத்து வந்தது. பசி தீர்ந்தது பெரிய காரியம். அதே பந்தியில் பிற வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் குழந்தை பழகியதும் அதற்குக் குறைந்ததல்ல.

அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் சுமார் 45,000 சிறுவர் வேலை செய்ததாக மதிப்பிடப்பட்டது, பெரும்பாலோர் சிறுமியர். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படம் அவர்களின் முகங்களை உலகுக்குக் காட்டியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆலையில் தடை விதித்தாலும், குடும்பத்தார் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. வீட்டு வேலை அந்த விலக்கில் தங்கியது.

வீட்டில் தாய் பசைக் கிண்ணத்தோடு சம்மணமிட்டு உட்காருகிறாள். இரு கைகளும் பெட்டி ஒட்ட, கால் விரலில் மாட்டிய கயிறு தூளியை ஆட்டுகிறது. குழந்தை சிரிக்கும்போது அவள் நிமிர்ந்தால் கை நின்றுவிடும். கை நின்றால் கூலி குறையும். தாய் அருகில் இருந்தும் பதில் கிடைக்காத அந்தச் சில நொடிகள் நாளெல்லாம் சேர்கின்றன. குழந்தையின் நம்பிக்கையும் பேச்சும் வளர்வது அத்தகைய பதில்களால்தான் என்பதால் இந்த இழப்பைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. சிறுமியர் பள்ளிக்குத் திரும்பியது இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய நன்மை. ஆனால் பகலில் தம்பி தங்கையைப் பார்த்துவந்த கைகளும் அவர்களோடு பள்ளிக்குப் போயின. அந்த இடத்தை நிரப்பும் காப்பகங்கள் அதே வேகத்தில் எழவில்லை.

விபத்துகள் வேறொரு காயத்தை விட்டுச் செல்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் நிவாரணப் பேச்சு தொகையைச் சுற்றியே நடக்கிறது. சாவின் பொருள் புரியாத வயதில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்குத் தொடர்ந்த துணை தேவை என்பது அதில் அரிதாகவே இடம்பெறுகிறது.

2018இல் விருதுநகர், மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கன்வாடிகளில் பாட்டும் கதையும் விளையாட்டும் இன்று பாடத்திட்டத்தின் பகுதி. எனினும் பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் வேலை முடியுமுன்பே மையம் மூடிவிடுகிறது. இந்த இடைவெளிக்காகவே, அங்கன்வாடியோடு பகல்நேரக் காப்பகத்தை இணைக்கும் 'பால்னா' திட்டம் 2022இல் மிஷன் சக்தியின் கீழ் வந்தது. ஆலை நேரத்துக்கு ஏற்ப மையங்கள் திறந்திருந்தால்தான் இவ்வட்டாரத் தாய்மாருக்கு அது பயன்படும்.