முரளியா, அஸ்வினா: பாம்பன் கரையில் தீராத வழக்கு

இந்தியா – இலங்கை டெஸ்ட் தொடர் என்று அறிவிப்பு வந்தால் போதும், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை டீக்கடைகளில் தேர்வுக் குழு கூடிவிடும். ஓப்பனிங் யார், மூன்றாவதாக யார் இறங்குவது, காலியில் பந்து எத்தனையாவது நாளில் திரும்பும் என்றெல்லாம் அலசி முடித்த பிறகு பேச்சு இரண்டு பேரிடம் வந்து நிற்கும். இருவரும் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. "என்னப்பு, எண்ணூறு விக்கெட் எடுத்தவனுக்குப் பக்கத்துல யாரக் கொண்டாந்து நிறுத்துவ?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அந்த எண்ணூறுல சிம்பாப்வே எத்தன, வங்கதேசம் எத்தன, அதச் சொல்லு மொதல்ல" என்று எதிர் பெஞ்சிலிருந்து பதில் வரும்.

முத்தையா முரளிதரன், ரவிச்சந்திரன் அஸ்வின். இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள், இருவரும் தமிழர்கள். மற்ற ஊர்களில் இந்த ஒப்பீடு பொழுதுபோக்கு. இந்தக் கரையில் கொஞ்சம் சொந்தப் பிரச்சினை. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள். சென்னைக்கோ ஐந்நூறுக்கு மேல். முரளியின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காக 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போன கூட்டம் பெரும்பாலும் மண்டபம் முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறியது. தாத்தா பிற்காலத்தில் திருச்சிக்கே திரும்பிவிட்டார். அவர் மகன், முரளியின் அப்பா முத்தையா, இலங்கையிலேயே தங்கி கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. போதாக்குறைக்கு, 1982-ல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி ரூபவாஹினி இந்தப் பக்கம் எட்டியது. உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டிப் படம் பிடித்த வீடுகளுக்கு இலங்கை அணி அந்நிய அணியே அல்ல.

ஆனாலும் முரளி என்ற பெயரை இங்கே எல்லோரும் ஒரே மனதோடு சொல்வதில்லை. 2009-ல் ஈழப்போர் முடிந்த பிறகு அது இன்னும் சிக்கலாகிவிட்டது. 2013-ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆட முடியாமல் போனதும், 2020-ல் முரளியின் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகியதும் டீக்கடையில் இன்றும் குரல் உயர்த்தும் விஷயங்கள். அதில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை வைத்து ஒருவர் போட்ட தூஸ்ராவை அளக்க முடியாது. பந்துக்கு வருவோம்.

முரளி 133 டெஸ்டில் 800 விக்கெட், சராசரி 22.72. அஸ்வின் 106 டெஸ்டில் 537, சராசரி 24.00. இதோடு தீர்ப்பு எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, யார் எத்தனை பந்து போட்டார் என்பது. முரளி ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 55 ஓவர் வீசியிருக்கிறார், அஸ்வின் 43. ஒரு டெஸ்டுக்கு முரளி ஆறு விக்கெட், அஸ்வின் ஐந்து. ஆனால் ஒரு விக்கெட்டுக்கு முரளிக்கு 55 பந்து தேவைப்பட்டது. அஸ்வினுக்கு ஏறக்குறைய 51 போதும். வேகமாக விக்கெட் எடுத்தவர் அஸ்வின்தான்!

இது முரளி கட்சிக்குக் கசக்கும். ஆனால் இதே கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. அஸ்வினின் மறுமுனையில் பெரும்பாலும் ஜடேஜா நின்றார். தப்பித்து ஓடுகிற பேட்ஸ்மேன் அங்கே போய் மாட்டினான். முரளிக்கு வாஸ் என்ற அருமையான வேகப்பந்து வீச்சாளர் இருந்தார், 355 விக்கெட் எடுத்தவர். ஆனால் முரளியின் உச்ச காலத்தில் அவருக்கு இணையான இன்னொரு சுழற்பந்து வீச்சாளர் நிலையாக இல்லை. பத்து இருபது பேர் சேர்ந்து இழுக்க வேண்டிய கரைவலையை ஒற்றை ஆளாக இழுத்தவர் அவர். 1998-ல் ஓவலில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 220 ரன் கொடுத்து 16 விக்கெட். பந்தைக் கொடுத்துவிட்டு கேப்டன் ரணதுங்கா வேறு யாரையும் அதிகம் தேடவில்லை.

சிம்பாப்வே, வங்கதேசக் கணக்கும் உண்மைதான். அந்த இரண்டு அணிகளிடமும் முரளி எடுத்தது 176. கழித்தாலும் 624 மிச்சம். அது மட்டுமே அஸ்வினின் மொத்தத்தைவிட அதிகம் என்பதால் இந்த வாதம் எங்கேயும் போய்ச் சேராது.

வெளியூர்க் கணக்கு இதைவிடச் சுவாரசியம். இந்தியாவில் முரளி 11 டெஸ்ட் ஆடி 40 விக்கெட், சராசரி 45-க்கு மேல். ஆஸ்திரேலியாவில் அஸ்வின் 11 டெஸ்ட் ஆடி 40 விக்கெட், சராசரி 42-க்கு மேல். இருவருக்கும் ஒரே மாதிரிச் சறுக்கல்! ஆஸ்திரேலியாவில் முரளியின் நிலை இன்னும் மோசம்: ஐந்து டெஸ்டில் 12 விக்கெட், சராசரி 75. அதற்கு ஆடுகளம் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன்னால், பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் அவருக்கு ஏழு முறை நோபால் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது. பரிசோதனை மேல் பரிசோதனை நடந்து, 2005-ல் எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் பொதுவாக 15 டிகிரி வரை வளையலாம் என்று விதி வந்தது. அதற்குள் பத்து வருஷம். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையை வெறிக்கும் கூட்டத்தின் முன்னால் வீசியவரின் சராசரியை வெறும் சராசரியாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இருவரும் பந்தைத் திருப்பும் விதத்தில் சொந்தமே இல்லை. ஆஃப் ஸ்பின் பொதுவாக விரல் வேலை. முரளி மணிக்கட்டால் திருப்பினார். அந்த மணிக்கட்டு சுழன்ற சுழற்சியில் காலி, கண்டி ஆடுகளங்களில் ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு முழம் வெளியே விழுந்த பந்து லெக் ஸ்டம்பைத் தேடி வந்தது. பேட்ஸ்மேனுக்குத் தெரியும், உள்ளேதான் வரும் என்று. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவும் சேர்ந்ததும் அந்தத் தெரிதலும் போயிற்று.

அஸ்வினிடம் அந்த முரட்டுத் திருப்பம் இல்லை. அவருடையது விரலும் உயரமும் யோசனையும். கிரீஸின் மூலையிலிருந்து ஒன்று, ஸ்டம்பை ஒட்டி ஒன்று. கையை ஏற்றும் விதத்தை ஓவருக்கு ஓவர் மாற்றுவார். நேராகப் போகும் பந்தைத் திரும்பும் என்று நம்ப வைப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். 2020-ல் அடிலெய்டில் ஸ்டீவ் ஸ்மித் அப்படித்தான் ஸ்லிப்பில் ரஹானேவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதோடு சொடக்கு பால். 2008-ல் அஜந்தா மெண்டிஸ் அதை வைத்து இந்தியாவை ஆட்டிப் படைத்தபோது உலகம் கேரம் பால் என்று வியந்தது. அஸ்வின் அதைச் சென்னையில் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது எங்கள் கரையிலும் பையன்கள் அதைப் போடுவார்கள். ஈரமணலில் பந்து எழும்பாது, விரலால் திருப்பினாலும் பெரிதாகத் திரும்பாது. நடுவிரலை மடக்கிச் சொடுக்கினால் மட்டும் வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகும். அதனாலோ என்னவோ, வயது குறைந்தவர்கள் இங்கே அஸ்வின் கட்சி.

பந்துவீச்சாளரை மட்டும் தராசில் வைப்பது பாதி வேலை. எதிரே நின்றவர் யார்? 2001-ல் பிரையன் லாரா இலங்கையில் மூன்று டெஸ்டில் 688 ரன் குவித்தார். முரளியை அவ்வளவு சுகமாக அதற்கு முன் யாரும் ஆடியதில்லை. ஆனால் தொடர் 3–0 இலங்கைக்கு. முரளி லாராவை விட்டுவிட்டு மற்றவர்களை வாரிக்கொண்டு போய் 24 விக்கெட் எடுத்தார். 2008 தொடருக்கு முன் சச்சின், திராவிட், லட்சுமண், கங்குலி இருக்கும் வரிசையை முரளி என்ன செய்துவிடுவார் என்று இங்கே அடித்துப் பேசியவர்கள் பலர். முரளியும் மெண்டிஸும் சேர்ந்து 47 விக்கெட் எடுத்தார்கள். அதிகம் நின்றவர் சேவாக். காலியில் அணியின் 329-ல் அவர் மட்டும் ஆட்டமிழக்காமல் 201; அந்த ஒரு டெஸ்ட் இந்தியாவுக்கு.

அஸ்வினுக்கு அப்படி ஒரு தொடர் 2015. காலியில் முதல் நாளே 46 ரன்னுக்கு ஆறு விக்கெட். அந்தத் தொடரோடு விடைபெற்ற சங்கக்காராவை அவர் ஆடிய நான்கு இன்னிங்ஸிலும் வீழ்த்தியவர் அஸ்வின். மூன்று டெஸ்டில் 21 விக்கெட். ஆனால் அதே காலியில் இரண்டாவது இன்னிங்ஸில் சண்டிமால் ஸ்வீப்பும் ரிவர்ஸ் ஸ்வீப்புமாக ஆடி 162 எடுத்து ஆட்டத்தையே திருப்பினார். இடதுகை ஆட்டக்காரரை ஓட ஓட விரட்டும் அஸ்வின், ஸ்வீப் தெரிந்த வலதுகை ஆட்டக்காரரிடம் சில நேரம் திணறியது இப்படித்தான்.

இடதுகை என்றால் கதையே வேறு. டெஸ்டில் 200 இடதுகை ஆட்டக்காரர்களை வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் அவர். ஸ்டோக்ஸ் 13 முறை, வார்னர் 11 முறை. ரவுண்ட் தி விக்கெட் வந்து ஒன்று வெளியே, ஒன்று நேரே. நேரே போகும் பந்து காலில் பட்டால் டிஆர்எஸ் அவர் பக்கம். முரளிக்கு அந்த வசதி கிடைத்தது கடைசிக் காலத்தில், அதுவும் கொஞ்சம்தான். ரிவ்யூ முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டதே அந்த 2008 தொடரில். முன்காலைத் தூக்கிப்போட்டு பேடால் தடுத்துத் தப்பித்த எத்தனையோ பேரை இன்றைய கேமரா விட்டிருக்காது. இந்த ஒன்றை நினைத்தால் என் தராசு முரளி பக்கம் சாய்கிறது.

முரளி 792 விக்கெட்டோடு நின்றபோது, இந்த ஒரு டெஸ்டோடு முடித்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு 2010 ஜூலையில் காலியில் இறங்கினார். எட்டு விக்கெட் வேண்டும். எட்டாவது, ஓஜா, ஸ்லிப்பில் ஜெயவர்த்தனா கேட்ச். அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்து அது. அப்படிச் சொல்லிவிட்டு எடுக்க முரளியால் மட்டும்தான் முடியும். நாலு இடதுகை ஆட்டக்காரர்கள் உள்ள அணி சேப்பாக்கத்தில் இறங்குகிறது என்றால் நான் யோசிக்காமல் அஸ்வினிடம் பந்தைக் கொடுப்பேன். மற்ற எல்லா நாளும் முரளி. அஸ்வினின் ஆறு சதத்தையும் 3503 ரன்னையும் எதிர் பெஞ்சு இந்த இடத்தில் எடுத்துப் போடும், போடட்டும். முரளியும் 2001-ல் கண்டியில் இந்தியாவுக்கு எதிராக 67 அடித்தவர்தான்.

இப்போது பேச்சு அடுத்த தலைமுறைக்கு நகர ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் பிரபாத் ஜெயசூர்யா, 2022-ல் காலியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுக டெஸ்டிலேயே 12 விக்கெட். இந்தப் பக்கம் சென்னையின் வாஷிங்டன் சுந்தர், 2024-ல் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு ஏழு விக்கெட். அஸ்வினின் சிறந்த டெஸ்ட் பந்துவீச்சும் அதே நியூசிலாந்துக்கு எதிராக 2016-ல் இந்தூரில், அதே 59 ரன்னுக்கு ஏழு.